மானுக்கு விதைத்த கௌப்பி



இது கொஞ்சம் நீளமான பதிவு. கடைசி வரைக்கும் வாசித்துவிட்டு ஏசுவதென்றால் ஏசுங்கள். பாதியில் விட்டுவிட்டு ஏச வேண்டாம்.

காட்டோரத்தில் நம்மட பொடியன்மார் மானுக்குப் பயிர் போட்டிருக்கிறார்கள் என்ற கதை இப்போது ஊரில் தெரியாத ஆளில்லை. தேத்தண்ணிக் கடையில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். வயல் வரம்பில் நின்று "நல்ல மூளதான்" என்கிறார்கள். பள்ளிவாசல் ஹவ்ளடியில் உளூ எடுக்கும்போதுகூட இதுதான் பேச்சு. அந்தப் பிள்ளைகளில் இருவர் எங்களிடம் படித்துவிட்டுப் போனவர்கள். ஒருவன் இன்னும் எங்களிடம் படிக்கிறான். ஆகவே பெயர் சொல்ல மாட்டோம், இடமும் சொல்ல மாட்டோம். யாரையும் பிடித்துக் கொடுப்பதற்காக இதை எழுதவில்லை.

எங்கள் பாடசாலையில் விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும் படிப்பிக்கிறவர்கள் நாங்கள் இரண்டு பேர். ஐப்பசி மழை விழுந்த கையோடு தரம் 10 மாணவன் ஒருவன் பாடம் முடிந்த பிறகு நின்று கேட்டான்:

"சேர், மர நிழல்ல கௌப்பி முளைக்குமா?"

முளைக்கும், ஆனால் வெயில் இல்லாவிட்டால் நெடுநெடுவென்று வளர்ந்து காய் குறையும் என்றோம். "காய் தேவயில்ல சேர், எல இருந்தாக் காணும்" என்றான். கௌப்பி போடுகிற யாரும் இலைக்காகப் போடுவதில்லை. என்ன விஷயம் மகன் என்று கேட்டோம். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். வந்து பார்க்கவும் கூப்பிட்டான்.

ஒரு சனிக்கிழமை அஸருக்குப் பிறகு இரண்டு பேரும் போனோம். உண்மையைச் சொன்னால், அந்தக் கண்டத்தைப் பார்த்து எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. பத்துப் பேர்ச் அளவுதான் இருக்கும். உழவு மெசின் போக முடியாத இடம். கீழ்ப்பற்றைகளை மட்டும் கத்தியால் வெட்டி, சருகை வாரி ஒதுக்கி, மண்வெட்டியால் மேல்மண்ணை மட்டும் கொத்தியிருக்கிறார்கள். பெரிய மரம் எதையும் தொடவில்லை. விதையை ஓர் இரவு ஊறவைத்துக் கையால் வீசி, காய்ந்த கொப்பை இழுத்து மண் மூடியிருக்கிறார்கள். நாலைந்து நாளில் முளைத்துவிட்டதாம். நாங்கள் போன நேரம் மூன்றாம் நான்காம் இலை விட்டுப் பச்சைப் பசேலென்று நின்றது. ஓரத்தில் கொஞ்சம் பயறு. ஒரு மூலையில் சோளன். நடுவில் ஒரு கட்டையில் கல்லுப்பு. இருபது யார் தள்ளிப் பாலை மரத்தில் ஒரு பரண்.

"காத்து கடல் பக்கமிருந்து அடிச்சா வராது சேர். எங்கட வாசம் அதுக்குப் போயிரும். மல பக்கமிருந்து அடிக்கிற நாளையில மஃரிப் நேரம் வரும்" என்று அவன் விளக்கினான். குளம்படியைக் காட்டி எது பெண், எது குட்டி என்று பிரித்துச் சொன்னான். சோதனைத் தாளில் நாற்பது புள்ளி தாண்டாத பிள்ளை இவன். மண், விதை, ஈரம், காற்று, மிருகத்தின் பழக்கம் எல்லாவற்றையும் ஒரு பத்துப் பேர்ச்சுக்குள் சேர்த்து வைத்திருந்தான். கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்த விரிவுரையாளர் இதைப் பார்த்திருந்தால் செய்முறைக்கு முழுப்புள்ளி போட்டிருப்பார்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். போனைக் காட்டினான். அமெரிக்காவில் இலைப்பச்சை உடுப்புப் போட்ட ஒருவர், முதுகில் பையோடு காட்டுக்குள் போய், கையால் சுற்றுகிற ஒரு சின்ன விதைப்பானால் விதை தூவுகிறார். பாசை விளங்காவிட்டாலும் செய்கை விளங்கும். பிறகு நாங்களும் இதைத் தேடி வாசித்தோம். தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறோம். பாதி தெரிந்துகொண்டு செய்வதுதான் இதில் ஆபத்து.

அமெரிக்காவில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிற பலர், தங்கள் காணியிலோ உரிமையாளரிடம் கேட்டு எடுத்த காணியிலோ இப்படிச் சின்னக் கண்டங்கள் போடுகிறார்கள். வெள்ளைக் குளோவர், ஓட்ஸ், டர்னிப் மாதிரியானவைதான் விதை. காட்டு மண் புளித்திருந்தால் சுண்ணாம்பு போடுவார்கள். மான் படுக்கிற இடத்துக்கும் வழமையாக மேய்கிற இடத்துக்கும் நடுவில், மெசின் போகாத மூலையில், கைக்கருவியால் செய்த கால் ஏக்கர் துண்டுக்கு அவர்களிடம் தனி மதிப்பு. மான் இருட்டும் வரை காத்திருக்காமல் வெளிச்சத்திலேயே அங்கே தலைகாட்டும் என்பது கணக்கு. நம்மட பொடியன்மார் பிடித்துக்கொண்டது இந்தப் பகுதியைத்தான்.

வீடியோவில் வராத பகுதி ஒன்று இருக்கிறது. 1900ஆம் ஆண்டளவில் அந்த நாட்டிலும் மானைச் சுட்டுச் சுட்டு, விற்று விற்று, சில இலட்சம்தான் மிஞ்சியிருந்தது. பிறகு சந்தைக்காக வேட்டையாடுவதை நிறுத்தினார்கள். அனுமதிப்பத்திரம், காலம், ஆளுக்கு இத்தனை என்ற எண்ணிக்கை எல்லாம் வந்தது. 1937ஆம் ஆண்டு பிட்மன்-ரொபர்ட்சன் சட்டம் வந்தது. துவக்குக்கும் தோட்டாவுக்கும் அறவிடுகிற வரி, காட்டு விலங்குகளைப் பராமரிப்பதற்கென்று மாநிலங்களுக்குப் போகும்படி அது செய்தது. இன்றைக்கு அங்கே மான் சுமார் 3 கோடி என்று மதிப்பிடுகிறார்கள். ஓநாயும் பூமாவும் பல மாநிலங்களில் இல்லாமல் போனதால் மான் பெருகிப் பயிரையும் இளமரத்தையும் தின்று தீர்க்கிறது, வீதியில் வாகனத்தோடு மோதுகிறது. எனவே குறிப்பிட்ட அளவு சுடுவதை அரசாங்கமே கேட்டுக்கொள்கிறது.

இன்னொன்றும் உண்டு. வெள்ளைவால் மான் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் இணைந்து, அடுத்த வருடம் மே, ஜூன் பக்கம் குட்டி போடும். வேட்டைக் காலம் திறக்கும்போது குட்டிகள் புல் தின்னப் பழகியிருக்கும். அந்தக் கணக்கின் மேல்தான் அவர்களுடைய காலம் நிற்கிறது. இவ்வளவு இருந்தும் அங்கேயே இதைப் பற்றி ஒரே கருத்தில்லை. சோளத்தைக் குவித்து வைத்துச் சுடுவதைப் பல மாநிலங்கள் தடுத்திருக்கின்றன. நட்டு வளர்த்த கண்டத்தில் சுடலாம் என்கின்றன. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று வேட்டைக்காரர்களே தங்களுக்குள் சண்டை பிடிக்கிறார்கள். மான்களை மெலியவைத்துக் கொல்லுகிற ஒரு மூளை நோய் பரவியதால், ஒரே இடத்தில் மானைக் கூட்டுகிற எந்த வேலையையும் பயத்தோடுதான் பார்க்கிறார்கள்.

இப்போது நம்மட பக்கம் வருவோம்.

மானை வரவழைக்கிற வித்தை நமக்கும் புதிதில்லை. எங்கள் மூத்தாப்பாமார் சேனை வெட்டிய காலத்தில் பரண் இல்லாத சேனை கிடையாது. குரக்கன், இறுங்கு, சோளன், பயறு என்று கலந்து போட்டுவிட்டு இரவெல்லாம் பரணில் இருந்து கூவிக் காவல் காப்பார்கள். பயிரைத் தின்ன வந்த மான், மரை, பன்றியில் ஒன்றிரண்டு விழும். மானிறைச்சியை உப்புப் போட்டு வத்தலாக்கி அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார்கள். வெயில் காலத்தில் காய்ந்த புல்லுக்கு நெருப்பு வைத்துவிட்டு, புதிதாகத் துளிர்க்கிற குருத்துக்கு மான் வரும்வரை காத்திருக்கிறவர்களும் அன்றைக்கு இருந்தார்கள், இன்றைக்கும் இருக்கிறார்கள். குளம் வற்றும்போது கடைசித் தண்ணீருக்குப் பக்கத்தில் காத்திருப்பதும் அப்படித்தான்.

ஆனால் சேனைக்கும் இந்தக் கண்டத்துக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சேனையில் போட்டது மனிசன் தின்ன. மான் வந்தது கேளாமல் வந்தது. இந்தக் கண்டத்தில் போட்டது மான் தின்ன. அது நாம் கூப்பிட்டு வருகிறது. கூப்பிட்டு வருகிறவரை நம்மட ஊரில் எப்படி வைத்துப் பார்ப்போம் என்று யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. இதை நினைத்துத்தான் எங்களுக்கு மனசு கனத்தது. அந்தப் பிள்ளையிடம் இதைச் சொன்னபோது, "அப்ப கோழிக்குத் தீன் போட்டு வளத்து அறுக்கிறது என்ன சேர்?" என்று திருப்பிக் கேட்டான். நல்ல கேள்வி. எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துப் பார்த்தால், கோழிக்கு நாம் தீன் மட்டும் போடுவதில்லை. கீரியிடமிருந்து காக்கிறோம், நோய் வந்தால் பார்க்கிறோம், கூடு அடைக்கிறோம், அடுத்த முட்டைக்கு வழி வைத்துத்தான் ஒன்றை அறுக்கிறோம். பொறுப்பும் அறுப்பும் ஒரே கையில் இருக்கிறது. காட்டு மானுக்கு நாம் எடுத்த பொறுப்பு பத்துப் பேர்ச் கௌப்பி மட்டும்தான்.

சட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவில் அந்தச் சட்டம் வந்த அதே 1937ஆம் ஆண்டில்தான் இலங்கையிலும் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. ஆரம்பத்தில் அனுமதிப்பத்திரத்தோடு மான் சுடலாம் என்றுதான் இருந்தது. பிறகு வந்த திருத்தங்களில் அது இறுகி, 2009ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பெரும்பாலான விலங்குகள் பாதுகாப்புக்குள் வந்துவிட்டன. இன்றைக்குப் புள்ளிமானைச் சுடுவதும் குற்றம், அதன் இறைச்சியை விற்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். "அந்தக் காலத்தில எல்லாரும் சாப்பிட்டதுதானே" என்பது நீதிமன்றத்தில் எடுபடாது. தரம் 10இல் படிக்கிற பிள்ளைக்கு வனசீவராசிகள் வழக்கு ஒன்று விழுந்தால், நாளைக்கு ஓர் அரசாங்க உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கும்போதும் வெளிநாட்டுக்குப் போகப் பொலிஸ் சான்றிதழ் எடுக்கும்போதும் அது முன்னால் வந்து நிற்கும்.

சட்டம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். நம்மட புள்ளிமானுக்கு அமெரிக்க மான் மாதிரி ஒரு குட்டிக் காலம் கிடையாது. வருடம் முழுவதும் குட்டி போடும். ஏழரை மாதம் அளவில் வயிற்றில் வைத்திருந்து பெரும்பாலும் ஒன்றே ஒன்று போடும். ஆகவே எந்த மாதத்தில் ஒரு பெண் மானைச் சுட்டாலும் அதன் வயிற்றில் ஒன்று இருக்கலாம், அல்லது பற்றைக்குள் ஒன்று பால் குடிக்கக் காத்திருக்கலாம். "இந்த மாதம் சுட்டால் பாதகமில்லை" என்று சொல்ல ஒரு மாதம் இல்லை. இருட்டில் டோர்ச் அடித்து, கண் மின்னுகிறதைப் பார்த்துச் சுடுகிறவன் ஆணா பெண்ணா என்று பார்ப்பதுமில்லை.

அடுத்தது, கண்டம் போட்டவன் மானை மட்டும்தான் கூப்பிட்டான். வருவது மான் மட்டுமில்லை.

நாங்கள் போன அன்றைக்கே சோளன் நின்ற மூலையில் பன்றி கிளறியிருந்தது. சோளன் கதிர் வைக்கும்போது என்ன வரும் என்று நம்மட ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. லகுகல குளத்தில் வெயில் காலத்தில் நீர்ப்புல்லுக்குக் கூட்டமாக இறங்குகிற யானைகளைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். அந்த யானைகள் பொத்துவில், பாணமைப் பக்கத்துக் காடெல்லாம் நடந்து திரிகிறவைதான். ஒரு யானைக்கு நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் தீன் வேண்டும். பத்துப் பேர்ச் கௌப்பி அதற்கு ஒரு வாய்க்கும் காணாது. ஒரு வாய் தின்றுவிட்டு, மிச்சம் எங்கே என்று தேடிக்கொண்டு வருகிற திசையில் நம்மட வீடு இருக்கிறது. 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்த நாட்டில் 400க்கும் மேற்பட்ட யானைகள் செத்தன, 150க்கும் மேற்பட்ட மனிதர்கள் இந்தச் சண்டையில் செத்தார்கள். யானைவேலி போடச் சொல்லி ஒரு பக்கம் மகஜர் கொடுத்துக்கொண்டு, மறுபக்கம் வேலிக்கு அருகில் சோளன் போட்டுக் கூப்பிட்டால் அது என்ன நியாயம்?

மான் கூடுகிற இடத்துக்குச் சிறுத்தையும் வரும். நம்மட வரண்ட காட்டுச் சிறுத்தைக்குப் பெரிய சாப்பாடே புள்ளிமான்தான். மான் குறைந்தால் அது வயிற்றுக்கு வேறெதையாவது தேடும். கட்டியிருக்கிற கன்றும் ஆடும் அதற்கு லேசு.

இதைவிடப் பயமான ஒன்று இருக்கிறது. ஓர் இடத்தில் மான் தினமும் வருகிறது என்று தெரிந்தால், பரணில் இருந்து கண் விழிக்கப் பஞ்சிப்படுகிற ஆட்கள் வருவார்கள். அவர்கள் இருக்க மாட்டார்கள், கட்டிவிட்டுப் போவார்கள். கட்டுத்துவக்கு என்றால் என்ன என்று நம்மட ஊரில் தெரியாதவர் இல்லை. பாதைக்குக் குறுக்கே நூல், நூலின் முனையில் துவக்கு. நூலில் முட்டுவது மானா, மாடா, விறகுக்குப் போன உம்மாவா, தேனுக்குப் போன மாமாவா என்று அதற்குத் தெரியாது. கட்டுத்துவக்கில் கால் போனவர்கள் இந்தப் பகுதியில் இப்போதும் தடியூன்றி நடக்கிறார்கள். பன்றிக்கென்று வெள்ளரிக்காய்க்குள்ளும் பூசணித் துண்டுக்குள்ளும் மறைத்து வைக்கிற ஹக்கபட்டாஸ் யானைக்கன்றின் வாயில் வெடிக்கிறது. தாடை உடைந்து, தின்ன முடியாமல், குளத்தோரத்தில் நின்று நின்று பட்டினியில் சாகிறது அது. கம்பித்தடமும் இப்படித்தான். 2020 மே மாதம் நல்லதண்ணியில் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று தடத்தில் கழுத்து இறுகிப் பிடிபட்டு, பிறகு அந்தக் காயத்தால் செத்ததை எல்லோரும் செய்தியில் பார்த்தோம். அந்தத் தடம் சிறுத்தைக்கு வைத்ததல்ல.

"நாங்க துவக்குக் கட்டுறல்ல சேர்" என்றான் அவன். நம்புகிறோம். ஆனால் அந்தக் கண்டம் இப்போது ஊருக்கே தெரிந்த கண்டம். விதைத்தவன் கையில் அது இல்லை.

மார்க்கம் பற்றியும் ஒரு வார்த்தை. சாப்பாட்டுக்காக வேட்டையாடுவது நமக்கு அடிப்படையில் ஆகுமானது. இஹ்ராமில் இருக்கும்போது நிலத்து வேட்டை கூடாது என்று தனியாகச் சொல்லப்பட்டிருப்பதே மற்ற நேரத்தில் ஆகும் என்பதற்கு அடையாளம். அதில் எங்களுக்குத் தர்க்கம் இல்லை. ஆனால் கழுத்து இறுகிச் செத்தது கூடாது என்று அல்மாயிதா அத்தியாயத்தில் தெளிவாக இருக்கிறது. இரவு பதினொரு மணிக்குக் கறுத்த பையில் வாசலுக்கு வருகிற "மான்" எப்படிச் செத்தது? சுட்டதா, தடத்தில் தொங்கியதா, அறுக்க முன்னம் உயிர் இருந்ததா, யார் பிஸ்மி சொன்னது? கொண்டு வருகிறவருக்கே தெரியாது. கடையில் வாங்குகிற பிஸ்கட் பக்கற்றில் ஹலால் முத்திரை தேடிப் பார்க்கிற நாம், இந்தப் பையை மட்டும் கேள்வி கேட்காமல் வாங்குகிறோம். விளக்கம் வேண்டுமென்றால் மௌலவிமாரிடம் கேளுங்கள். நாங்கள் விவசாயம் படிப்பிக்கிறவர்கள்.

விவசாயம் படிப்பிக்கிறவர்களாக எங்களுக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. ஒரு முஸ்லிம் ஒரு மரத்தை நட்டு, அல்லது ஒரு பயிரை விதைத்து, அதிலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ தின்றால் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்ற கருத்தில் வருகிற ஹதீஸை நாம் எல்லோரும் சின்ன வயதிலேயே படித்திருக்கிறோம். களவாகத் தின்ற பன்றிக்கும் குரங்குக்கும் ஏசிக்கொண்டே ஏழை வயல்காரன் மனசைத் தேற்றிக்கொள்வதும் இதை வைத்துத்தான். விதைக்கிறவனுடைய கையை இவ்வளவு உயர்த்தி வைத்த மார்க்கத்தில், அந்தக் கையாலேயே விதைத்து, அதைத் தின்ன வருகிறதை அங்கேயே வைத்துச் சுடுவது எங்களுக்குப் பொருந்தாமல் தெரிகிறது. இது ஃபத்வா இல்லை. எங்கள் மனசுக்குப் பட்டது.

இனிப் பிள்ளைகளின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் இது வெறும் புத்திமதியாகிவிடும்.

2021இல் உரம் நின்றது, 2022இல் எல்லாமே நின்றது. இந்த இரண்டு வருடமும் முறித்துப்போட்ட வேளாண்மைக்காரர்கள் பலர் இன்னும் நிமிரவில்லை. மாட்டிறைச்சி விலையைக் கேட்டுவிட்டு அரைக் கிலோவோடு திரும்புகிற வாப்பாமாரை நாம் தினமும் பார்க்கிறோம். அந்தப் பிள்ளையின் வீட்டில் ஆறு பேர். வாப்பா கூலிக்குப் போகிறவர். "ஒரு மான் விழுந்தா பதினைஞ்சு நாளைக்குக் கறி சேர், மிச்சத்த வித்தா உம்மாட கடன்ல ஒரு துண்டு போகும்" என்றான். இதைக் கேட்டுவிட்டு வனசீவராசிகள் சட்டத்தை மட்டும் ஒப்புவிக்க எங்களுக்கு வாய் வரவில்லை. மான் வேண்டாம் என்று சொல்கிறவர்கள், அந்தப் பதினைந்து நாள் கறிக்கு என்ன வழி என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்று இருக்கிறது. மானை வரவழைக்கிற அதே கௌப்பிக் கொடி ஆட்டுக்கும் அருமையான தீன். பத்துப் பேர்ச்சில் காட்டுக்குள் செய்ததை வளவுக்குள் செய்தால், வேலியோரம் கிளிரிசீடியா, நடுவில் சீஓ 3 புல், மாரியில் கௌப்பி என்று மாற்றி மாற்றி வெட்டிப் போட்டு இரண்டு பெண் ஆட்டை வளர்க்கலாம். ஆடு ஐந்து மாதத்தில் குட்டி போடும், பல நேரம் இரட்டையாகப் போடும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் பரணில் இருக்கத் தேவையில்லை. பிஸ்மி சொல்லி, கண் முன்னால், பகலில் அறுக்கலாம். ஹஜ் பெருநாளுக்கு நல்ல விலைக்கும் போகும். இது அமெரிக்க வீடியோவில் வராது. நம்மட கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் கேட்டால் சொல்லித் தருவார்கள்.

இதை அவனிடம் சொன்னோம். உடனே தலையாட்டவில்லை. "ஆடு வாங்க காசு?" என்றான். அதுதான் இப்போது ஊருக்கு முன்னால் இருக்கிற கேள்வி. நான்கு பிள்ளைகள், நான்கு வீடு, வீட்டுக்கு இரண்டு ஆடு. பள்ளிவாசல் ஸகாத் நிதியாலும், வெளிநாட்டிலிருந்து ஊருக்கு உதவுகிற நம்மட சகோதரர்களாலும், பழைய மாணவர்களாலும் இது முடியாத வேலை இல்லை. இலவசமாக வேண்டாம். முதல் ஈத்தில் வருகிற ஒரு பெண் குட்டியை அடுத்த பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுக்கலாம். தீன் கண்டம் போடுவதை நாங்கள் இரண்டு பேரும் நின்று காட்டிக் கொடுக்கிறோம். உண்மையில் அவன்தான் மற்றவர்களுக்குக் காட்டிக் கொடுப்பான், நாங்கள் பக்கத்தில் நிற்போம்.

அந்தக் காட்டுக் கண்டத்தைப் பற்றியும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். சோளனைக் கதிர் வைக்க முன்னம் பிடுங்குவது, உப்புக் கட்டையை எடுப்பது, பரணைக் கழற்றுவது, கௌப்பியை அடியோடு அறுத்து மூட்டையாகக் கட்டி ஊருக்குக் கொண்டுவந்து ஆடு வைத்திருக்கிற வீடுகளுக்குக் கொடுப்பது. பிள்ளைகளில் மூன்று பேர் சம்மதித்துவிட்டார்கள். நான்காவது பிள்ளை இன்னும் பதில் சொல்லவில்லை. அவனைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்றும், யாரும் அவனுடைய வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பக்கம் கட்டுத்துவக்கோ கம்பித்தடமோ கண்டால், யாருடையது என்று ஆராய வேண்டாம், கையால் தொடவும் வேண்டாம். உடனே கிராம சேவகருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். விறகுக்குப் போகிற பெண்களுக்கு அந்தப் பாதையில் இரண்டு கிழமைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரவில் கறுத்த பையோடு யாராவது வந்தால் "வேண்டாம்" என்ற ஒரு சொல் போதும். வாங்குகிறவர் இல்லாவிட்டால் விற்கிறவரும் இல்லை.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பாடசாலை விவசாயக் கூடத்தில் இருப்போம். ஆட்டு விஷயமாக உதவக்கூடியவர்களும், எங்களோடு வாதாட விரும்புகிறவர்களும் வாருங்கள். தேத்தண்ணி எங்கள் கணக்கு.

விதைக்கத் தெரிந்த பிள்ளைகள் நம்மட ஊரில் இருக்கிறார்கள். அந்தக் கைகளுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

வஸ்ஸலாம்.